பலகைக்குக் கீழே

போலாரம் ஊருக்கு அப்பால், ராணுவத்தின் சுடுதளத்தில் இருட்டிக்கொண்டு வருகிறது. இன்ஜினியர் கல்பகம் இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டு அழும் பார்வைக்கருவி, ஹவில்தார் ஜெயசீலனின் துப்பாக்கி மேல் உட்கார்ந்திருக்கிறது. போன சோதனையில், பகலிலிருந்து இரவுக்கு மாற்றியதுமே படம் அணைந்து மானம் போயிற்று. இப்போதும் இரவுக்குக் குமிழைத் திருப்பிய ஜெயசீலன் இலக்குப் பலகையைச் சுடாமல் படுத்தே கிடக்கிறார். கல்பகம் அவர் பக்கத்தில் போய் மண்டியிடுகிறாள். "என்ன சார், படம் போயிடுச்சா?" "இல்ல மேடம். பலகைக்குக் கீழ நாய் குட்டி போட்டிருக்கு. நீங்களே பாருங்க." துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு நகர்ந்து இடம் விடுகிறார். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒரே கறுப்பு. அவள் குனிந்து கண்ணை வைக்கிறாள். சாம்பல் நிறப் படத்தில், தாயின் வயிற்றை முட்டிமுட்டி, உடம்புச் சூட்டில் வெள்ளைவெளேரென்று தெரியும் குட்டிகள் பால் குடிக்கின்றன. படம் அணையவில்லை. அவளுக்குக் கண்ணை எடுக்க மனசில்லை. பின்னால் ஜெயசீலன், சுடும் நேரத்துக்கென்று ஏற்றியிருந்த சிவப்புக் கொடியை இறக்கச் சொல்லிக் குரல் கொடுக்கிறார்.