வீட்டோடு

எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஏழு மாடு, இரண்டு ஏர், ஒரு கிணறு, நான்கு பிள்ளைகள். பதிவேட்டில் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறது.

என் தாளில் பென்சிலால் நான்கு கட்டம் போட்டேன்.

தாலுகா அலுவலகத்தில், பழைய குடும்பப் பதிவேடுகள் இருக்கும் இந்த அறையை வெளியே பூட்டிவிடுவார்கள். ஏடுகள் யாருடைய பைக்குள்ளாவது புகுந்து போய்விடுகின்றனவாம். ஆளை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, காப்பாளர் அம்மா வாசலில் உட்கார்ந்துகொள்வார். வேலை முடிந்தால் தட்ட வேண்டும்.

"செத்தவங்க நடுவுல பயமா இருந்தாலும் தட்டுங்க. ஆனா உசுரோட இருக்கறவங்க குடுக்கற தொல்லை இவங்க குடுக்க மாட்டாங்க" என்று சொல்லித்தான் பூட்டினார்.

என் தம்பி நகரில் காய்கறிக் கடை திறக்கிறான். ‘தலைமுறை தலைமுறையாக விவசாயக் குடும்பம்’ என்று கடைச் சுவர் முழுக்க எங்கள் வம்சப் படம் வேண்டுமாம். ஏடு புரட்ட வீட்டில் சும்மா இருப்பவள் நான்தான். நான்கு மாடு கறந்து, ஆறு பேருக்குச் சமைத்துவிட்டுச் சும்மா இருப்பவள்.

ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே, குறிப்பு எழுதும் இடத்தில், ஒரே சொல் இருந்தது.

கொள்ளுத்தாத்தாவின் தங்கை. வீட்டோடு.

தாத்தாவின் அக்கா. வீட்டோடு.

மை மாறியிருந்தது, எழுதிய கை மாறியிருந்தது. சொல் மாறவில்லை.

கைபேசி அதிர்ந்தது. மெக்கானிக் அனுப்பியிருந்தார்: ‘நாலு மணி பஸ். டிக்கெட் ஒண்ணா, ரெண்டா?’

போன வருடம் எங்கள் தொழுவத்தில் தீவனம் வெட்டும் எந்திரத்தைச் சரிசெய்ய வந்தவர். அரை மணி நேர வேலை. மூன்று நாள் வந்தார். இப்போது தொலைவில் ஓர் ஊரில் சொந்தப் பட்டறை போட்டிருக்கிறார்; இன்று என்னைக் கூப்பிட்டுப் போக வந்திருக்கிறார். அவர் பேச்சை நான் எடுத்த அன்று அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். தம்பிதான் பேசினான்: "நீ போயிட்டா மாடு யாருக்குக்கா பால் குடுக்கும்?"

எனக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா தள்ளிய தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

அப்பாவின் தலைமுறைக்கு வந்தேன். அவருக்கு அடுத்து அத்தை. அங்க அடையாளம்: வலது மோதிர விரல் பாதி இல்லை, தீவன எந்திரத்தில் போனது. அதே எந்திரம்தான்.

பெயருக்கு நேரே ‘வீட்டோடு’ என்று எழுதி, அதை அடித்து, மேலே சிவப்பு மையில்: இறப்பு, வயது இருபத்தாறு, காய்ச்சல்.

வீட்டிலும் இவ்வளவுதான் சொல்வார்கள். காய்ச்சல் வந்தது, போய்ச் சேர்ந்தாள்.

‘தகவல் தந்தவர்’ என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. என் பள்ளிக்கூட மார்க் அட்டையில் எல்லாம் பார்த்த அதே சாய்ந்த கையெழுத்து.

அந்தச் சொல்லிலிருந்து வெளியே வர எங்கள் வீட்டில் இந்த ஒரு வழிதான் போலிருக்கிறது.

தம்பி அழைத்தான். "அக்கா, முடிச்சதும் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, அச்சகத்துல காத்திருக்காங்க. உன் கட்டத்துக்குக் கீழ கோடு ஒண்ணும் இழுக்க வேணாம்ல? சுவத்துல இடம் பத்தல."

"பாக்கறேன்" என்றேன்.

இன்னும் அம்மா வழி பாக்கி. அம்மா பிறந்த ஊரைத் தேடி அடுத்த ஏட்டின் பக்கங்களை வேகமாகத் தள்ளினேன். நடுவில் ஏதோ மலையடிவாரத்து ஊர். அதில் ஒரு வரியில் கை நின்றது.

வலது மோதிர விரல் பாதி இல்லை.

அத்தையின் பெயர். தகப்பன் பெயர் என்ற இடத்தில் எங்கள் தாத்தா. கணவன், இரண்டு பெண் பிள்ளைகள், மூன்று ஆடு, குத்தகை நிலம் அரை ஏக்கர்.

ஏட்டின் அட்டையைப் புரட்டி வருடத்தைப் பார்த்தேன். அத்தை செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

திரும்ப அந்தப் பக்கத்துக்கு வந்தேன். மூன்று ஆடும் அங்கேயேதான் இருந்தன.

மேலே மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே காப்பாளர் அம்மா யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தில் அத்தையின் கட்டத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். இடம் இருந்தது.

மெக்கானிக்குக்கு ஒரே சொல் அனுப்பினேன்: ‘ரெண்டு.’

பிறகு என் கட்டத்துக்கு வந்தேன். சிவப்பு மை இல்லை, பென்சிலாலேயே எழுதினேன். இறப்பு, வயது முப்பத்தெட்டு, காய்ச்சல். அதன் கீழே ‘தகவல் தந்தவர்’ என்று போட்டு, அப்பா கையெழுத்துப் போட இடம் விட்டேன்.

அதைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, கதவைத் தட்டினேன்.