லைன்ல இருங்க

“உங்க பிள்ளைகிட்ட சொல்லிடுங்க மாமா. கிழிஞ்ச பையில கிழங்கு வாங்கிட்டு வந்தா, வழியெல்லாம் விழாம என்ன செய்யும்?”

சமையலறையிலிருந்து மருமகள் சொன்னாள். பிள்ளை முன்னறையில்தான் இருந்தான். நடுவில் ஒரு கதவுகூடக் கிடையாது. அவள் சொன்னது அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். அவனோ இடியே விழுந்தாலும் எனக்கென்ன என்று செய்தித்தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

ஆபரேட்டர் எழுந்தார்.

தொலைபேசி நிலையத்தில் ஆயுசு முழுக்க ஊரார் பேச்சை இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். குடியிருக்கும் கட்டடத்திலும் எல்லாருக்கும் அவர் ஆபரேட்டர்தான். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கை கால் தப்பித்துவிட்டது, நாக்கு மட்டும் முரண்டு பிடித்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண், “எங்கே, அ... ஆ... சொல்லுங்க பார்க்கலாம்” என்று கொஞ்சியதும் மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அன்றோடு பயிற்சியை விட்டார், பேச்சையும் விட்டார். எது கேட்டாலும் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். ஊரையே பேச வைத்தவர் வீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கட்டிலில் கிடந்த ஒரு ஈரத் துண்டை வைத்து மகனுக்கும் மருமகளுக்கும் சண்டை மூண்டது. இருவருக்கும் பேச்சு நின்றது. வீட்டில் மூன்றாவது ஆள் இவர் ஒருவர்தான். தூது வேலை தலையில் விழுந்தது.

ஆரம்பத்தில் சின்னச் சின்ன சேதிகள்தான். தண்ணி வரலை. சாவி எங்கே. போகப் போக இரண்டு பேருக்கும் கோபம் முற்றி, சேதியும் ரயில்வண்டி மாதிரி நீண்டுகொண்டே போயிற்று.

“அவ சொல்றா...” ஆபரேட்டர் நாக்கைப் புரட்டினார். “கியிஞ்ச பையில கியங்கு...”

“கியங்கா? அது எந்தக் கடையில கிடைக்குது? லைன்ல ஒரே இரைச்சல்ப்பா. திரும்பக் கேட்டுச் சொல்லுங்க.”

சுரீரென்றது அவருக்கு. இவர் லைனிலா இரைச்சல்? சொன்னது சொன்னபடி போய்ச் சேரணும், பதில் திரும்பி வரணும், அப்போதுதான் அது பேச்சு. இல்லாவிட்டால் வெறும் சத்தம் என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறார். திரும்பச் சமையலறைக்குப் போனார். திரும்ப முன்னறைக்கு வந்தார். முக்கி முனகி, கடைசியில் கிழங்கைக் கிழங்காகவே கொண்டுவந்து சேர்த்தார்.

மகன் உடனே பதிலை நீட்டினான். “அழுகின பழத்தை அழகா அடுக்கி வச்சா பழுத்துடுமான்னு அவகிட்ட கேளுங்க.”

கிழவருக்கு உள்ளூரக் குஷி பிறந்துவிட்டது. “லைன்ல இரும்மா, பதில் வருது” என்று மருமகளுக்கு உத்தரவு போடுவார். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினால், “ஒவ்வொருத்தரா பேசுங்க, இல்லேன்னா கனெக்‌ஷனைக் கட் பண்ணிடுவேன்” என்று மிரட்டுவார். சேதி இல்லாத நாளில் அவரே போய், “என்ன, இன்னிக்குத் திட்ட ஒண்ணுமில்லையா?” என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.

எதிர்வீட்டு டீச்சருக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம், மகனும் மருமகளும் வேலையிலிருந்து வரும் முன்பே வந்து உட்கார்ந்துகொண்டார்.

“ரெண்டு பேர் கையிலயும் போன் இருக்கு சார். ஒரு மெசேஜ் போட்டா தீர்ந்தது. அதை விட்டுட்டு, நோயில விழுந்து எழுந்த மனுஷனை மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடிக்கிறாங்களே. இதுங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

ஆபரேட்டர் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி என்ன பார்க்கிறார் என்று டீச்சரும் எட்டிப் பார்த்தார்.

தூறலில் ஒரே குடையின் கீழ் மகனும் மருமகளும் வந்துகொண்டிருந்தார்கள். அவன் காதில் ஏதோ சொன்னான். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் அவன் தோளில் அடித்தாள். கட்டட வாசலுக்கு வந்ததும் இருவரும் நின்றார்கள். அவள் முகத்தைத் துடைத்து உர்ரென்று வைத்துக்கொண்டு முதலில் நுழைந்தாள். அவன் ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி அங்கேயே குனிந்துகொண்டான்.

டீச்சர் ஜன்னலிலிருந்து வெடுக்கென்று திரும்பினார். 

“அடப்பாவிங்களா. அப்போ இந்தச் சண்டை மொத்தமும் நாடகமா? உங்களை நல்லா முட்டாளாக்கியிருக்காங்க சார். வரட்டும், நடு வீட்டுல நிக்க வச்சே கேட்கறேன்.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டீச்சர் வாசலுக்குப் பாய்ந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆபரேட்டர் பதறியடித்து எழுந்து, இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார்.

“கெடுத்துடாதீங்க டீச்சர். பாவம், ரெண்டும் எனக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போடுதுங்க. இன்னும் கொஞ்ச நாள் போடட்டும். எனக்கு ‘ழ’ இன்னும் முயுசா வரலை.”