இரட்டை அச்சு

"பேசாம குடுத்துத் தொலைங்க. ஊரே சிரிக்கிற வாட்ச்," என்றாள் மனைவி.

பழைய வாட்சுகளைச் சேகரிக்கிற அந்த ஆள் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. டயலில் ஒவ்வொரு எண்ணும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு முறை அச்சாகியிருந்தது.

"அக்கா, தங்க வாட்சைக் காசிருந்தா யாரும் வாங்கலாம். தப்பா அச்சடிச்சதைக் கம்பெனியே உடைச்சுப் போட்டுடும். அதையும் மீறி ஒண்ணு தப்பிச்சு வெளிய வந்தா, அதுதான் எங்களுக்கெல்லாம் கனவு. என்ன விலைன்னாலும் சரி."

"விக்கிறதா இல்ல தம்பி," என்றார் கணவர்.

"தூங்குறப்பகூடக் கழட்ட மாட்டார். பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

"அண்ணே, இதை அச்சடிச்ச கைக்குத் தங்க மோதிரம் போடணும்."

"போட்டாச்சு," என்று மனைவியைக் காட்டினார் கணவர்.

வந்தவர் விழித்தார்.

"அந்த வாட்ச் கம்பெனியிலதான் இவ அச்சு மெஷின்ல இருந்தா. நான் தரம் பாக்குற மேஜையில. அன்னிக்கு எங்க பராக்குப் பாத்தாளோ, ரெண்டு தடவை அமுக்கிட்டா."

"யாரைப் பாத்தேன்னு தெரியாதாக்கும்!"

"ஒரு டயல் கெட்டாலும் இவ சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க தம்பி. அதனால நல்ல டயல்னு பாஸ் பண்ணிவிட்டு, வாட்ச்சாகி வந்ததும் நானே வாங்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல." மனைவியின் குரல் இறங்கியிருந்தது. "கல்யாணத்தன்னிக்கு இவர் கையில பாத்துத்தான் எனக்கே தெரியும்."

வந்தவர் தயங்கினார். "நீங்களே சொல்லுங்கக்கா, குடுக்கலாமா?"

அவள் வாட்சை அவரிடமிருந்து வாங்கிக் கணவரின் கையில் கட்டிவிட்டாள்.

"என் தப்பு என் வீட்டுலயே இருக்கட்டும் தம்பி."