ஒரு மணி நேர ஓய்வு

கிள்ளைக்கு அப்பால், சுரபுன்னைக் காட்டுக்குள் மதிய வெயில் பொட்டுப் பொட்டாக நீரில் விழுகிறது. படகுக்காரர் பஞ்சநாதனின் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. படகில் எதிரெதிரே இரண்டு மருத்துவ மாணவிகள். திங்கட்கிழமை அவர்களுக்கு அனாடமி பரீட்சை. நேற்று ரெக்கார்டு நோட்டின் அட்டையில் தன் பெயருக்குப் பதிலாக ஒரு நரம்பின் பெயரை எழுதிவிட்டாள் மோனிகா. அதனால்தான் ஆரிபா அவளை விடுதியிலிருந்து இழுத்து வந்திருக்கிறாள். மோனிகா துப்பட்டாவுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஜெராக்ஸ் கட்டைப் பிடுங்கி, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். “ஒரு மணி நேரம் மரத்தப் பாரு, தண்ணியப் பாரு. பாடத்தப் பத்தி வாயத் தொறந்த, தள்ளி உட்ருவேன்.” மோனிகா மரத்தைப் பார்க்கிறாள். கிளையிலிருந்து பிரிந்து பிரிந்து நீருக்குள் இறங்கும் வேர்களை அவள் விரல் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. “மஸ்குலோகுட்டேனியஸ், ஆக்சிலரி, மீடியன், அல்னர்...” “யா அல்லாஹ்! கை நரம்ப இங்கயும் இழுத்துக்கிட்டு வந்துட்டியா?” ஆரிபா தலையில் அடித்துக்கொள்கிறாள். “பாவம், உடும்மா,” என்கிறார் பஞ்சநாதன். “நீங்க சும்மா இருங்கண்ணா.” படகு அடுத்த வளைவில் திரும்புகிறது. ஒரு கொக்கு எழும்பிப் பறக்கிறது. ஆரிபா அதைப் பார்க்கவில்லை, வேர்களையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். உதடு அசைகிறது. விரல் மடங்குகிறது. “நாலுதான சொன்ன, அஞ்சு நரம்புல்ல வரணும்?” என்கிறாள் எரிச்சலோடு. “ரேடியல் எங்கடி?”