சீரம் இல்லாமல்

செல்கள் ஒட்டியிருந்தன.

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

ஒட்டியது மட்டுமில்லை. நீண்டு, பக்கத்துச் செல்லைத் தொட்டு, வரிசை பிடித்திருந்தன. ஆட்டின் தசைச் செல்கள். ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வளர்த்தது இது முப்பதாவது முறை.

இரத்தத்திலிருந்து எடுக்கிற சீரம் ஒரு சொட்டுகூட இல்லை.

செல்களை வளரச் சொல்லும் புரதத்தை ஈஸ்ட் செய்து கொடுத்திருந்தது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்.

கோவைக்கு வெளியே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் அந்த ஆய்வகம். காலை பதினொரு மணி. உடன் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். கைதட்டினார்கள். இனிப்பு வாங்க ஒருவர் கிளம்பினார்.

அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

செல்வினுக்குச் சொல்ல வேண்டும்.

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்பு, சென்னையில், இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர்கள். செல் வளர்க்கச் சீரம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் புட்டி கட்டுப்படியாகாது. வாரம் ஒரு முறை, விடியும்போது, இறைச்சிக்கூடத்துக்குப் போனார்கள்.

அவனுடைய ஸ்கூட்டர். பின்னால் அவள். நடுவில் ஐஸ் பெட்டி.

அந்தச் சாலை அவளுக்கு இன்னும் மனப்பாடம். பால் வண்டிகள். பாதி திறந்த கடைகள். வாசல் தெளிக்கிற பெண்கள். சிக்னலில் நின்றால் அவன் பாட ஆரம்பிப்பான். சுதியே சேராது. பச்சை விழுந்த பிறகும் பாட்டை முடித்துவிட்டுத்தான் கிளம்புவான்.

அவள் அவன் முதுகில் குத்துவாள்.

வெட்டிய பிறகுதான் சில எருமைகள் சினை என்று தெரியும். வயிற்றிலிருந்து எடுத்த கன்றின் நெஞ்சில் ஊசி செருகி இரத்தம் எடுக்க வேண்டும். அது உறைந்ததும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பதுதான் சீரம். பிறக்காத கன்றுகளின் சீரத்தில்தான் செல்கள் நன்றாக வளர்ந்தன.

திரும்பி வந்து, ஆய்வகத்துக்கு எதிரே டீ. ஒரு பட்டர் பன்னை இரண்டாகப் பிய்ப்பான். பெரிய பாதி அவளுக்கு.

கன்றுகளைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. சினிமா பேசினார்கள். விடுதிச் சாப்பாட்டைத் திட்டினார்கள். படிப்பு முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வகம் வைப்பதைப் பற்றிப் பேசினார்கள். எந்த ஊரில், எத்தனை அறை, ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரை.

அது வெறும் ஆய்வகம் என்றுதான் அவள் அப்போது நினைத்தாள்.

ஒரு புதன்கிழமை, ஊசி இறங்கியபோது கன்றின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. பிடித்திருந்த ஊசி அவள் விரல்களுக்குள் அசைந்தது.

அவள் எடுத்து முடித்தாள். புட்டியை மூடி ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

நிமிர்ந்தபோது செல்வின் இல்லை.

அன்று மத்தியானம் அவன் பேராசிரியரிடம் போய், இது இல்லாமல் செல் வளரவே வளராதா என்று கேட்டான். அவர் சிரித்தார். வளரும் என்றால் நீ வளர்த்துக் காட்டு என்றார். அடுத்த வாரம் அவன் ஊருக்குப் போய்விட்டான். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியர் வேலை.

அதன்பிறகு அவள் ஆட்டோவில் போய் வந்தாள். டீக்கடையில் நிற்பதில்லை.

அவளுக்கு ரொம்பத் திடமான மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். அவன் இளகியவன், போய்விட்டான். அவள் கல், நின்றுவிட்டாள். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. வயது ஏற ஏற அது வெட்கமாகிக்கொண்டே வந்தது.

ஆனால் அவன் கேட்ட கேள்வியை அவள் விடவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்தபடியே அவனுக்குப் போன் செய்தாள். நான்காவது முறை மணி அடித்ததும் எடுத்தான். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். இடைவேளை போலிருக்கிறது.

அவள் சொன்னாள். கன்று வேண்டாம், இரத்தம் வேண்டாம், முப்பது முறை மாற்றியும் வளர்கிறது என்றாள். நீ சாரிடம் கேட்டாயே, அதற்குப் பதில் என்றாள்.

அவன் ரொம்பச் சந்தோஷப்பட்டான். ஆனால் அப்படி ஒன்றைக் கேட்டது அவனுக்கு நினைவே இல்லை.

அவளுக்குள் ஏதோ சட்டென்று இறங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தாள்.

“நீ ஓடிப் போயிட்ட. நான் அங்கயே நின்னேன். எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே தோணல செல்வின்.”

பிள்ளைகளின் சத்தம் குறைந்தது. தள்ளிப் போய் நிற்கிறான் என்று தெரிந்தது.

“ஒண்ணுமே தோணலயா? துப்பட்டாவ எடுத்து அந்தக் கன்னுக்குட்டியச் சுத்தி விட்டியே. குளிரும்லன்னு சொன்ன. அதக் கேட்டப்புறம் எனக்கு அங்க நிக்க முடியல.”

அவளுக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஊசி வருகிறது, புட்டி வருகிறது, ஈரத் தரை வருகிறது. இது வரவில்லை.

துப்பட்டா என்ன நிறம் என்று கேட்டாள்.

“பச்சை. ஓரத்துல வெள்ளப் பூ.”

விடுதிக் கொடியிலிருந்து யாரோ அதை எடுத்துப் போய்விட்டார்கள் என்று அந்த வருடம் முழுவதும் அவள் திட்டிக்கொண்டிருந்தாள். அறை அறையாகப் போய்க் கேட்டிருக்கிறாள்.

அவன் பக்கம் மணி அடித்தது. வகுப்பு இருக்கிறது என்றான்.

சரி என்றாள்.

அவன் வைக்கவில்லை.

அவளும் வைக்கவில்லை.