தினம் ஒரு குறை

தையல்காரி அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டுப் பூனைபோல வீட்டுக்குள் நுழைந்தாள். கணவர் பதறிப்போய்க் கம்ப்யூட்டர் திரையை அணைத்தார்.

"யாரு அவ? மூணு மாசமா உங்க முகத்துல ஒரு சிரிப்பு. அதுவும் என்னைப் பாத்து இல்ல."

"கீபோர்டு விஷயம். நானே பாகம் பாகமா வாங்கிச் சேத்தது. அதுக்குள்ள ஓடுற மென்பொருளை நாலஞ்சு பேர் சேந்து எல்லாருக்கும் இலவசமா எழுதிக் குடுக்கிறாங்க. கோளாறு வந்தா அவங்களுக்கு எழுதணும்."

"தினமுமா கோளாறு வருது?"

அவளே எட்டித் திரையைப் போட்டாள். மேலிருந்து கீழ்வரை, அவள் கேள்விப்படாத ஒரே பெண் பெயரில் பதில்கள்.

"என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. யாரு இது?"

"நம்ம பொண்ணு."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் பேச்சில் அப்பா கொட்டிய ஒரு வார்த்தைக்காக, நான்கு வருஷமாக வீட்டுப் பக்கமே தலைகாட்டாத பெண். போன் செய்தாலும் எடுக்கமாட்டாள்.

"இந்த மென்பொருளை எழுதுறதுல அவளும் ஒருத்தி, புனைபெயர்ல எழுதுறான்னு அவ சிநேகிதி சொன்னா. நானும் வேற பேர்ல போய், நல்லா இருக்கிறதையும் கெட்டுப்போச்சுன்னு எழுதுவேன். உடனே பதில் போடுவா. நான்தான்னு தெரிஞ்சா நிறுத்திடுவா."

அந்த நேரம் திரையில் புதிய பதில் ஒன்று வந்து விழுந்தது. அவருக்குப் படிக்கத் தைரியமில்லை. அவளே வாசித்தாள்.

"முழுக்கத் தேடிட்டேன். நீங்க சொன்ன குறை எங்கேயும் இல்ல. இருந்தாலும் நாளைக்கும் எழுதுங்க, அப்பா. அம்மாவையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க."