சரிபாதி

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெருவிலுள்ள சின்ன ஆய்வகத்தில் சாயங்கால வெயில் மேசைவரை வந்து நிற்கிறது. பனிக்கட்டியில் செருகிய சுண்டுவிரல் நீளக் குழாயில், எழிலரசியும் ரோஷினியும் சேர்ந்து பாக்டீரியாவுக்குள் வளர்த்தெடுத்த மனிதப் புரதம் மெல்ல உருகுகிறது. செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பக்கமும் சரியாகப் பங்கு பிரிய உதவும் புரதம் அது. மிச்சம் இந்த ஒரு குழாய்தான். நாளைக்கு ரோஷினி புனேவுக்கு வேலை மாறிப் போகிறாள். சோதனை இருவருக்குமே பாக்கி, பாதி போதுமா என்ற பயமும் இருவருக்கும் உண்டு. "பஜ்ஜி மாதிரியே பிரிச்சுக்கலாம்டி. நீ பங்கு போடு, நான் மொதல்ல எடுக்கிறேன்," என்கிறாள் ரோஷினி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெருமுனை பஜ்ஜிக் கடையில் இருவரும் போட்டுக்கொண்ட சட்டம். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். எழிலரசி துளித்துளியாக இரண்டு குழாய்களில் விடுகிறாள். "இன்னாடி, இவ்ளோ நேரம்?" "சிந்திடக் கூடாதில்ல." பக்கத்துப் பட்டறையின் லேத் சத்தம் நின்று, மறுபடி கிளம்புகிறது. ரோஷினி இரண்டையும் ஒரு நொடி வெயிலில் தூக்கிப் பார்க்கிறாள். ஒன்றில் கொஞ்சம் அதிகம்தான். அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்றே எழிலரசி விட்டது. ரோஷினி குறைவாக உள்ளதைத் தன் ஐஸ் பெட்டிக்குள் வைத்து, நிமிர்ந்து பாராமல் மூடியை அழுத்துகிறாள்.